வீட்டுக்குள் படம் எடுக்கும்போது வெளிச்சமா, டெப்த்தா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறைக்குள் படம் எடுக்கிற எல்லோரும் ஒருநாள் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இது: லென்ஸின் துளையைத் திறந்தால் வெளிச்சம் வருகிறது, ஆனால் டெப்த் (முன்னும் பின்னுமாகத் தெளிவாகத் தெரியும் ஆழம்) குறைந்து பாதிப் படம் ஃபோகஸை விட்டுப் போய்விடுகிறது, துளையை மூடினால் எல்லாம் தெளிவாக வர வேண்டும், ஆனால் படமே இருட்டு. இதைச் சுற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் கீழே.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அறையில் கேமரா மட்டும் ஏன் தடுமாறுகிறது?

கண் பழகிக்கொள்கிறது, கேமரா பழகாது. அவ்வளவுதான் விஷயம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறது என்ற அளவு) 100 வைத்து எஃப்/16 (துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது), 1/125 விநாடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) என்று நிம்மதியாக எடுக்கலாம். இரவில் விளக்கு எரியும் ஒரு சாதாரண அறையில் அதே ஐஎஸ்ஓ 100க்கு எஃப்/2 வரை திறந்தாலும் 1/8 விநாடி தேவைப்படும். இரண்டுக்கும் நடுவே சுமார் பத்து ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு, ஆகவே பத்து ஸ்டாப் என்பது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. வெளியே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறோம், கண் அதைச் சொல்வதே இல்லை.

டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பது உண்மையில் எத்தனை சென்டிமீட்டர்? எல்லோரும் "குறைவு", "அதிகம்" என்றே சொல்கிறார்கள்.

சரி, எண்ணிலேயே பார்ப்போம். ஃபுல் ஃபிரேம் கேமரா (ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்கு இருப்பது), 50 மி.மீ. லென்ஸ், ஆள் 2 மீட்டர் தூரத்தில். எஃப்/1.8இல் தெளிவாகத் தெரியும் பகுதி சுமார் 17 செ.மீ. எஃப்/2.8இல் 26, எஃப்/4இல் 38, எஃப்/5.6இல் 53 செ.மீ. அதே லென்ஸோடு ஒரு மீட்டருக்கு நெருங்கிப் போய் எஃப்/1.8இல் எடுத்தால் 4 செ.மீ.தான் மிஞ்சும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் உள்ள தூரம் அதைவிட அதிகம்.

இந்த எண்களைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுத்தர அளவில் அச்சிட்ட படத்தைக் கையில் வைத்துப் பார்க்கும் கணக்கு இது. திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கி உற்றுப் பார்க்கிறவருக்கு இதில் பாதிகூடத் தேறாது.

இன்னொன்று. ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு, பின்னால் மூன்றில் இரண்டு பங்கு என்று ஒரு விதி சொல்வார்கள் இல்லையா? அறைக்குள் அதை மறந்துவிடலாம். மேலே சொன்ன 17 செ.மீ.யில் முன்னால் 8, பின்னால் 9. கிட்டத்தட்டச் சரிபாதி. தூரம் கூடக்கூடத்தான் பின்பக்கம் நீளும்.

வெளிச்சம் போதவில்லை என்றுதான் எஃப்/1.8 லென்ஸ் வாங்கினேன். இப்போது படத்தில் ஒருவர் தெளிவு, மற்றவர்கள் மங்கல். லென்ஸில் கோளாறா?

லென்ஸில் ஒன்றும் இல்லை. நானும் இதே தப்பைச் செய்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடிய ஒரு மாலை, புது லென்ஸ் வந்த உற்சாகம், எல்லாப் படத்தையும் எஃப்/1.8இலேயே எடுத்துத் தள்ளினேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே பிரமாதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு முகம், அதுவும் பெரும்பாலும் ஓரத்தில் இருந்தவர் முகம், கத்தி போல இருக்கிறது. மற்ற எல்லோரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிவது போல இருக்கிறார்கள். ஐஎஸ்ஓ எவ்வளவு என்று பார்த்தேன், 640. இன்னும் இரண்டு மூன்று ஸ்டாப் ஏற்ற இடம் இருந்தும் நாய்ஸுக்கு, அதாவது படத்தில் மணல் போலத் தெரியும் புள்ளிகளுக்கு, பயந்து ஏற்றாமல், பயப்பட வேண்டியதைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

எஃப்/1.8 வரை திறக்க முடியும் என்பது ஒரு வசதி. எப்போதும் அங்கேயே நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அப்படியானால் எந்தத் துளையில் வைப்பது?

"உள்ளே எடுத்தால் எஃப்/2.8" என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட எனக்கும் ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இந்தப் படத்தில் எது எது தெளிவாக இருந்தே ஆக வேண்டும், அவை முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன? ஒரே ஒரு முகம் என்றால் இரண்டு மீட்டரில் எஃப்/2 போதும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் என்றால் எஃப்/2.8. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் என்றால் எஃப்/4இலிருந்து எஃப்/5.6, அதற்கு மேல் லென்ஸை மாற்றுவதோ இடம் மாறுவதோதான் வழி.

முதலில் இப்படித் தேவையான டெப்த்துக்கு மட்டும் துளையை மூடுங்கள், ஒரு ஸ்டாப்கூட அதிகமாக வேண்டாம். அடுத்து ஆட்கள் எவ்வளவு அசைகிறார்கள் என்று பார்த்து ஷட்டர். இந்த இரண்டும் முடிவான பிறகு ஐஎஸ்ஓ எங்கே போய் நிற்கிறதோ நிற்கட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டக் கூடாது என்று முதலில் சபதம் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பலி கொடுக்கிறார்கள்.

மேலே சொன்ன இரவு நேர அறையையே எடுத்துக்கொண்டால், ஐஎஸ்ஓ 3200இல் எஃப்/2 வைத்தால் 1/250 விநாடி கிடைக்கும், எஃப்/4இல் 1/60, எஃப்/5.6இல் 1/30. இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் நான் அதிகம் பயன்படுத்துவது.

ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றினால் படம் நாசமாகிவிடாதா?

ஆகாது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் பயப்படுவது தவறான ஆளைப் பார்த்து.

நாய்ஸைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஐஎஸ்ஓ எண் இல்லை, வெளிச்சம் குறைவாக வந்து சேர்வதுதான். ஒளி சொட்டுச் சொட்டாக, ஃபோட்டான்களாக வருகிறது. மழைத்துளி மாதிரி, எல்லா இடத்திலும் சரிசமமாக விழாது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. ஒரு சதவீதம், கண்ணுக்கே தெரியாது. அதே பிக்சலில் 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அது பத்து சதவீதம், மணல் தூவியது போலத் தெரியும். ஐஎஸ்ஓவை ஏற்றுவது வந்த கொஞ்சத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அதனால் மணலும் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே "நாய்ஸ் வேண்டாம்" என்று ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு அப்புறம் மென்பொருளில் பிரகாசத்தை ஏற்றினால் லாபம் ஒன்றும் இல்லை. ஃபோட்டான் எண்ணிக்கை அதேதான். பல கேமராக்களில் நிழல் பகுதிகள் இன்னும் மோசமாக வரும். எடுக்கும்போதே சரியான வெளிச்சத்துக்கு எடுங்கள், ரா கோப்பாக (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய நாய்ஸ் நீக்கும் மென்பொருள்கள் ஐஎஸ்ஓ 3200ஐ எல்லாம் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. மணல் தூவிய படத்தைப் பார்த்து "அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்" என்று சொல்வார்கள். அசைந்து கோடாகிப்போன முகத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஷட்டரை எவ்வளவு இறக்கலாம்? என் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே.

ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடித்து நிறுத்தும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சுவரில் மாட்டிய படத்தை 1/8 விநாடியில் கையில் பிடித்தே எடுத்துவிடலாம்; பேசிக்கொண்டிருப்பவரை முடியாது. படத்துக்கென்று அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு 1/60, சிரித்துப் பேசுகிறவருக்கு 1/125, ஓடும் குழந்தைக்கு 1/250ஆவது வேண்டும், 1/500 என்றால் நிம்மதி. இவை என் அனுபவக் கணக்கு, உங்கள் ஆட்கள் இன்னும் துறுதுறு என்றால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: பேசுகிறவர்கள் வாக்கியம் முடியும் இடத்திலும் சிரித்து அடங்கும் இடத்திலும் ஒரு கணம் அசையாமல் இருப்பார்கள். அதைப் பிடிக்கப் பழகினால் ஒரு ஸ்டாப் சும்மா கிடைத்த மாதிரி. 1920களின் கடைசியில் எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர் நீதிமன்றங்களிலும் ராஜதந்திரிகளின் கூட்டங்களிலும் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தார். 1924இல் வந்த எர்மனாக்ஸ் கேமரா, எஃப்/2 லென்ஸ், ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடு. இன்றைய ஐஎஸ்ஓவோடு ஒப்பிட்டால் அந்தத் தகடுகளின் உணர்திறன் ஒன்றுமே இல்லை. அவர் கையில் இருந்த பெரிய கருவி பொறுமைதான் என்று நினைக்கிறேன்.

குரூப் படம். முன்வரிசை உட்கார்ந்திருக்கிறது, பின்வரிசை நிற்கிறது. எங்கே ஃபோகஸ் வைப்பது?

முன்வரிசையில் நடுவில் இருப்பவரின் கண்ணில். அப்புறம் பின்வரிசை உள்ளே வரும் அளவுக்குத் துளையை மூடுங்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே காற்றில் ஃபோகஸ் வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. கணக்கில் அது சரிதான், ஆனால் கேமரா பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

50 மி.மீ., 3 மீட்டர், எஃப்/4 என்றால் ஃபோகஸ் வைத்த இடத்துக்குப் பின்னால் சுமார் 50 செ.மீ. வரை தெளிவு. எஃப்/5.6 என்றால் 74 செ.மீ. இரண்டு வரிசைத் தலைகளுக்கும் நடுவே 60 செ.மீ. இருந்தால் எஃப்/4 பத்தாது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கேமராவைத் திருகுகிறார்கள். நான் ஆட்களைத் திருகுவேன். முன்னால் இருப்பவர்களைச் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள், பின்னால் நிற்பவர்களை நாற்காலி முதுகில் கை ஊன்றிக் கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லுங்கள். தலைகளுக்கு நடுவே 35 செ.மீ. ஆகிவிடும், எஃப்/4 தாராளம், ஒரு ஸ்டாப் வெளிச்சம் மிச்சம். படமும் நெருக்கமாக, உயிரோடு இருக்கும்.

எல்லோரும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க அரைவட்டமாக நிற்கச் சொல்லலாமா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம். பெரும்பாலான லென்ஸ்களில் ஃபோகஸ் விழும் இடம் ஒரு தட்டையான தளம், சென்சாருக்கு இணையாக நிற்கும் ஒரு கண்ணாடிப் பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகையில் முகத்தை ஒட்டிவைத்தது போல எல்லோரும் நேர்க்கோட்டில் நின்றால் எஃப்/2.8இலேயே அத்தனை பேரும் தெளிவு. வளைந்து நின்றால் ஓரத்தில் இருப்பவர்கள் பலகையை விட்டு முன்னால் வந்துவிடுகிறார்கள். சில லென்ஸ்களில் தளம் லேசாக வளைந்திருக்கும் என்பது உண்மை, ஆனால் உங்களுடையது எந்தப் பக்கம் வளைகிறது என்று சோதித்துப் பார்க்காமல் அதை நம்பி ஆட்களை நிறுத்தாதீர்கள்.

இதே காரணத்துக்காக, புத்தக அலமாரியையோ வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களையோ பக்கவாட்டிலிருந்து சாய்வாக எடுத்தால் டெப்த் எவ்வளவு இருந்தாலும் போதாது. நேர் எதிரே வந்து நில்லுங்கள், பாதிப் பிரச்சினை தானே போய்விடும்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டு ஃபிரேமை நகர்த்துகிறேன். எஃப்/4இல் சரியாக வருவது எஃப்/1.8இல் ஏன் தவறுகிறது?

மேலே சொன்ன கண்ணாடிப் பலகைதான் காரணம். ஒரு மீட்டரில் இருப்பவரின் கண்ணில் ஃபோகஸ் பிடித்துவிட்டு கேமராவை 15 டிகிரி திருப்பினால் பலகையும் கூடவே திரும்புகிறது. இப்போது அது கண்ணுக்குப் பின்னால் 3.4 செ.மீ. தள்ளி நிற்கும். 50 மி.மீ. எஃப்/1.8இல் முன்பக்கம் உங்களுக்கு இருப்பதே 2 செ.மீ. கண் போயிற்று, காது தெளிவு. கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் ஃபோகஸ் புள்ளியை முகம் இருக்கும் இடத்துக்கே நகர்த்துங்கள்.

பின்னால் தள்ளி நின்று எடுத்து, அப்புறம் வெட்டிக்கொண்டால் டெப்த் கூடுமே?

கூடும், ஆனால் இலவசமாக இல்லை. இரண்டு மடங்கு தூரம் போய் அதே ஃபிரேமுக்கு வெட்டினால் டெப்த் இரண்டு மடங்கு கிடைக்கும். ஆனால் சென்சாரில் கால்வாசி இடத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள், ஆகவே படத்துக்கு வந்த வெளிச்சமும் கால்வாசி. துளையை இரண்டு ஸ்டாப் மூடியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். சுற்றி வந்தாலும் அதே வாசல். பிக்சல்கள் போனது கூடுதல் நஷ்டம், ஆனாலும் அவசரத்துக்கு இந்த வழி உதவும்.

நின்ற இடத்திலேயே அகன்ற லென்ஸுக்கு மாறுவது வேறு கதை. 3 மீட்டரில் எஃப்/2.8 வைத்தால் 50 மி.மீ. தருவது 60 செ.மீ., 35 மி.மீ. தருவது ஒன்றேகால் மீட்டர், 24 மி.மீ. தருவது மூன்று மீட்டருக்கும் மேல். முகங்கள் சின்னதாகிவிடும், ஆனால் அறையும் ஆட்களும் சேர்ந்து தெரிய வேண்டிய படத்தில் அதுதானே வேண்டும்? ஓரத்தில் நிற்பவர்களின் முகம் மட்டும் இழுபடும், அவர்களைக் கொஞ்சம் உள்ளே வரச் சொல்லுங்கள்.

என் போனிலும் எஃப்/1.8 என்றுதான் போட்டிருக்கிறது. அதில் எல்லாமே தெளிவாக வருகிறதே, எப்படி?

துளையின் நிஜ அளவைப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 என்றால் துளை 28 மி.மீ. அகலம். போனில் லென்ஸின் குவியத்தூரம் (50 மி.மீ. என்று சொன்னதும் இதைத்தான்) 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் துளை 3 மி.மீ.யைச் சற்றே தாண்டும். அவ்வளவு சின்னத் துளையில் டெப்த் தானாகவே வந்துவிடும், வெளிச்சமும் அந்த அளவுக்குத்தான் வரும். அந்தக் குறையைப் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கிச் சமாளிக்கிறது, அதனால்தான் நைட் மோடில் அசையாமல் இருக்கச் சொல்கிறது.

சென்சார் அளவு மாறினாலும் இதே பேரம்தான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னச் சென்சார் உள்ள கேமரா வகை) 25 மி.மீ. எஃப்/2 வைப்பதும் ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. எஃப்/4 வைப்பதும், ஷட்டர் ஒன்றாக இருக்கும்வரை, டெப்த்திலும் சென்சாரில் சேரும் மொத்த வெளிச்சத்திலும் ஒன்றுதான். நிறைய டெப்த் வேண்டிய அறைப் படங்களுக்குப் பெரிய சென்சார் நினைத்த அளவுக்குக் கைகொடுக்காது.

ஃபிளாஷ் போட்டால் தீர்ந்துவிடாதா?

தீரும், நேராக முகத்தில் அடிக்காத வரை. தலை திரும்பும் ஃபிளாஷை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்புங்கள்; கூரையே பெரிய விளக்காகிவிடும், எஃப்/5.6 எல்லாம் சர்வசாதாரணம். கூரை வண்ணமாக இருந்தால் அந்த வண்ணம் முகத்தில் இறங்கும். ஐஎஸ்ஓவை 800 அளவில் வைத்து ஷட்டரை 1/60க்கு இறக்கினால் அறை விளக்குகளின் வெளிச்சமும் சேரும், பின்னணி குகை மாதிரி கறுக்காது.

ஃபிளாஷ் பிடிக்காதவர்கள் ஆளை ஜன்னலுக்கு நகர்த்துங்கள். அறையின் நடுவிலிருந்து ஜன்னலோரம் வந்தாலே இரண்டு மூன்று ஸ்டாப் கிடைப்பது சாதாரணம், அது எஃப்/2க்கும் எஃப்/5.6க்கும் உள்ள தூரம். மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைப்பதும் இதே ரகம்.

படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன.

விளக்கு துடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை, 60 ஹெர்ட்ஸில் 120 தடவை. முதல் வகைக்கு ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், இரண்டாவதற்கு 1/60 அல்லது 1/120. எலெக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை அதிகம், மெக்கானிக்கலுக்கு மாற்றிப் பாருங்கள்.

அசையாத பொருள்கள், வெற்று அறை, இதற்கெல்லாம்?

முக்காலி, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, இரண்டு விநாடி டைமர், ஷட்டர் எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு. இங்கே பேரமே இல்லை, ஏனென்றால் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. எஃப்/16, எஃப்/22 என்று போகாதீர்கள், ஒளி விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மென்மையாகிவிடும். எஃப்/8இலும் டெப்த் போதாத சின்னப் பொருள் என்றால் ஃபோகஸை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்கிக்கொள்ளலாம்.

ஃபோகஸ் தப்பிய படத்தை மென்பொருளில் மீட்க முடியுமா?

கொஞ்சூண்டு தப்பியிருந்தால் கூர்மையாக்கிச் சின்ன அளவில் பயன்படுத்தலாம். அதற்கு மேல் தப்பியிருந்தால் இல்லாத கண்ணிமையை மென்பொருள் தானாக வரைந்து வைக்கும், அது அந்த ஆளின் கண்ணாக இருக்காது. ஆகவே முதல் படம் எடுத்ததுமே திரையில் பெரிதாக்கி, ஓரத்தில் நிற்பவரின் கண்ணைப் பாருங்கள். நடுவில் இருப்பவருடையதை இல்லை.